கஸ்தூரியக்காவின் கைகள்

எதைத் தொடுவதற்கு முன்பும் கஸ்தூரியக்கா இரும்பைத் தொடுவார். கணினி வகுப்புக்கு வரும் பிள்ளைகளையும் அப்படியே தொட வைப்பார். செருப்பைக் கழற்ற வேண்டும், குழாயில் கை கழுவ வேண்டும், துடைக்க வேண்டும். பிறகு வாசலுக்குப் பக்கத்திலிருக்கும் சன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "போச்சா?" என்று அவர் கேட்கும்வரை நிற்க வேண்டும். "போச்சு கா" என்றால்தான் உள்ளே விடுவார். என்ன போச்சு என்று புதிதாக வந்த பிள்ளை யாராவது கேட்டால், "ஒன் கையில இருக்கிற கரண்டு" என்பார். கேட்ட பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வரும்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மாசாய் என்ற ஊரில், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில், கடை போட யாரும் எடுக்காமல் கிடந்த ஓர் அறையில் எங்கள் வகுப்பு நடக்கிறது. நடத்துவது ஒரு சின்ன சமூகநலச் சங்கம். பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ரோலண்ட் சார் அதன் தலைவர். சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அறையின் சாவியும் இரும்பு அலமாரியின் சாவியும் கஸ்தூரியக்காவிடம். தான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையின் பெயர் அச்சிட்ட கழுத்துப் பட்டையில் அவற்றைக் கோத்துப் போட்டிருப்பார். பட்டையில் எழுத்து பாதி அழிந்துவிட்டது.

தொழிற்சாலையை இங்கே எல்லாரும் கிலாங் என்போம். யோங் பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, படிப்பை விட்ட கையோடு, பாசீர் கூடாங்கில் ஒரு மின்னணுக் கிலாங்குக்கு வேலைக்கு வந்தவர் அவர். கிலாங் மூடப்படும்வரை அங்கேயே இருந்தார். கல்யாணம், ஒரு மகன், கணவரின் சாவு எல்லாமே ஷிப்டுகளுக்கு நடுவில் நடந்தவை. மகன் இப்போது பினாங்கில் இருக்கிறான். கிலாங்கைப் பற்றிப் பேசச் சொன்னால் சம்பளத்தைப் பற்றிப் பேச மாட்டார், ஓவர்டைம் பற்றிப் பேச மாட்டார். கையைப் பற்றித்தான் பேசுவார்.

"மனுஷன் சும்மா நடந்தாலே ஒடம்புல கரண்டு சேரும் தம்பி. நமக்குத் தெரியாது. அந்தக் கையோட போர்டைத் தொட்டா உள்ளுக்குள்ள செத்துரும். பாத்தா நல்லாத்தான் இருக்கும். பளபளன்னு இருக்கும். ஆனா செத்துருக்கும்."

அதற்காக மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து வரும் கம்பியை மேசையில் மாட்டிவிடுவார்களாம். கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல என்று சிரிப்பார். அடுத்த வாக்கியத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது. ஒருமுறை வெளிநாட்டுக்குப் போன சரக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது. மின்சுற்றுப் பலகைகளின் எண்களை வைத்து எந்த வரிசை, எந்த ஷிப்டு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் பெண்களை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, "தாங்கான் சியாப்பா?" என்று கேட்டாராம். யார் கை? யார் கையென்று யாருக்குத் தெரியும்? பக்கத்து நாற்காலியிலிருந்த இன்பராணி என்ற பெண்ணின் பட்டை அன்று தளர்வாக இருந்தது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள்.

"அவ கையா, என் கையான்னு இன்னிக்கும் தெரியாது" என்பார் கஸ்தூரியக்கா. சொல்லிவிட்டு ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடியும் துடைப்பார்.

அவர் பயப்படுகிறவர் என்று அடுக்குமாடியில் எல்லாருக்கும் தெரியும். மின்தூக்கியில் தனியாக ஏற மாட்டார். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் திறக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். ஆனால் ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்தால், அந்தப் பயத்தாலேயே அதில் ஒரு பிசகும் வராது. ரோலண்ட் சார் சாவியை அவரிடம் கொடுத்ததும் அதனால்தான்.

தைப்பூசம் முடிந்த கையோடு பன்னிரண்டு மடிக்கணினிகள் வந்தன. ஜொகூரில் புதிதாகத் தரவு மையம் கட்டிய ஒரு நிறுவனம், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் கணினி படிக்கட்டும் என்று எங்களைப்போன்ற சில சங்கங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. பெரிய பதாகை கட்டினார்கள், படம் எடுத்தார்கள், எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கிடைத்தது. நிறுவனத்திலிருந்து வந்திருந்த பிரவீனா என்ற இளம்பெண் கிளம்பும்போது கஸ்தூரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்திரமா பாத்துக்குங்க கா" என்றாள்.

விடைபெறும்போது யாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் கஸ்தூரியக்கா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். பன்னிரண்டையும் வந்த உறையோடு அலமாரியில் அடுக்கிப் பூட்டினார். புதுச் சோபாவின் பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் பல வருஷம் உட்காருகிறவர்கள் நாங்கள், கண்ணாடிக் கோப்பைகளைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் குவளையில் மைலோ குடிப்பவர்கள். அதனால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. பெற்றோர்கள் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் புதுசாவே வெச்சிருக்கீங்களே!" என்று மெச்சினார்கள்.

கணினி வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, அதில் மார்க்கர் பேனாவால் விசைப்பலகை வரைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார். "மொத இதுல பழகுங்க. கை சுத்தமானப்பறம் அத எடுக்கலாம்." நான் பழைய கணினி ஒன்றில் பாடத்தைக் காட்டுவேன். பிள்ளைகள் அட்டையில் தட்டுவார்கள். மழை தூறுவதுபோல ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்கும். திரையில் ஒன்றும் வராது. அந்தச் சத்தத்தை நான் ரசித்ததுண்டு. அதற்குள் என்ன வளர்ந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வாசம் மாடிப்படிகளில் வர ஆரம்பித்த நாட்களில், ரோலண்ட் சார் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி அறைக்குள் வந்தார்.

"கஸ்தூரி, டேட்டா சென்டர்லருந்து மெசேஜ். வர்ற சனிக்கிழம பாக்க வர்றாங்களாம்."

"வரட்டும் சார். ஒரு கீறல் இல்லாம வெச்சிருக்கேன்."

"அதான் லா பிரச்சனையே." ரோலண்ட் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஒரு மெஷின்கூட இது வரைக்கும் இன்டர்நெட்டுக்கே வரலையாம். பாவிக்கலன்னா திரும்ப எடுத்து, பத்து பாகாட் ஊருல ஒரு சென்டருக்குக் குடுத்துருவாங்களாம். அங்க கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

கஸ்தூரியக்காவின் கையிலிருந்த துணி நின்றது. "நான் அலமாரியத் தொறக்கவே இல்லையே சார். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொறக்காததுதான் தெரிஞ்சிருக்கு."

"பூட்டிக் கெடக்கும்போதே பேசுதா அது?"

"பேசவே இல்லையேன்னுதான் வர்றாங்க. அலமாக், இத எப்படி ஒனக்கு வெளங்க வைக்கிறது!"

கஸ்தூரியக்கா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதம் தினமும் தூசி தட்டிய இரும்பு அலமாரி. அதற்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் அறிந்தவர்போலப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணினிகள் போனால் வகுப்பும் போகும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த அறையைக் கேட்டு ஒரு டோபிக் கடைக்காரர் அடுக்குமாடி நிர்வாகத்திடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். கணினிகளைக் காட்டித்தான் ரோலண்ட் சார் அவரைத் தள்ளி வைத்திருந்தார்.

"ஒன்னு செய்யலாம்" என்றார் ரோலண்ட் சார், குரலைத் தாழ்த்தி. "சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் தொறந்து சும்மா ஓட விட்டுருவோம். அது பாட்டுக்கு ஓடட்டும். இப்பதான் மும்முரமா நடக்குதுன்னு சொல்லிக்கலாம்."

"வேணாம் சார்."

"ஏன்?"

"பூட்டிக் கெடந்ததயே சொல்லிருச்சு. திருட்டுத்தனமா தொறந்தா அதயும் சொல்லிரும்."

ரோலண்ட் சார் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ஊருல எல்லாரும் பயந்தா பொய் சொல்லுவான். நீ பயந்தா உண்மைய சொல்ற. ஒன்ன வெச்சிக்கிட்டு நான் என்ன செய்றது?"

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான் போனபோது, கஸ்தூரியக்கா அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே நின்றுகொண்டிருந்தார். மேசைகளின்மேல் பச்சை ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார். கிலாங் மேசைகளில் இருந்த அதே மாதிரி விரிப்பு, எங்கே தேடி வாங்கினாரோ. கணினிகளை ஒவ்வொன்றாக, தொட்டில் பிள்ளையை மாற்றிப் படுக்க வைப்பதுபோல எடுத்து வைத்தோம். எல்லாவற்றிலும் மின்கலம் தீர்ந்திருந்தது. இருந்த சில பிளக்குகளில் மாற்றி மாற்றி மின்னேற்றினோம். பக்கவாட்டில் சின்ன வெளிச்சம் எரிந்தபோதெல்லாம் அவர் ஓரடி பின்வாங்கினார்.

"ஒருமுறை திறந்து பாத்துருவோமா கா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அவங்க முன்னாலயே தொறக்கட்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வாழ்நாளில் ஒரு கணினியையும் இயக்கிப் பார்த்தவரில்லை. எத்தனையோ ஆயிரம் கணினிகளுக்குள் போகிற பலகைகளைச் செய்த கை. ஆனால் திறந்து உட்கார்ந்து ஓர் எழுத்தை அழுத்தியதில்லை.

சனிக்கிழமை காலை பிரவீனா வந்தாள். வாசலில் செருப்புகளைப் பார்த்துத் தானும் கழற்றினாள். கஸ்தூரியக்கா குழாயைக் காட்டினார், பிறகு சன்னல் கம்பியைக் காட்டினார். பிரவீனா விளையாட்டு என்று நினைத்துக் கம்பியைத் தொட்டுச் சிரித்தாள். கூட யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் புத்தம்புதுக் கணினி. ரோலண்ட் சார் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, வரவேற்புப் பேச்சு ஒன்றை ஆரம்பித்து, பாதியில் மறந்து, "சரி, நீங்களே பாருங்க லா" என்று முடித்துக்கொண்டார்.

"ஓக்கே" என்றாள் பிரவீனா. "எல்லாரும் லேப்டாப்ப ஓப்பன் பண்ணுங்க பாக்கலாம்."

ஒரு கையும் நீளவில்லை.

"வெக்கமா? சும்மா பண்ணுங்க. நான் ஒன்னும் மார்க் போட மாட்டேன்."

முன்வரிசையில் ஷர்மைன் இருந்தாள். அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர். நாலாம் வகுப்புப் பிள்ளை. அட்டை விசைப்பலகையில் எல்லாரையும்விட வேகமாகத் தட்டுகிறவள். அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பிரவீனா அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னா ஆச்சுமா? கை வலிக்குதா?"

ஷர்மைன் தலையாட்டினாள். இல்லை.

"பின்ன?"

"என் கையில கரண்டு இருக்கு."

"கரண்டா?"

"தொட்டா செத்துரும். பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா செத்துருக்கும்."

பிரவீனா நிமிர்ந்து கஸ்தூரியக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் அலமாரியோடு அலமாரியாக ஒட்டி நின்றார். வேறொரு பெண் பேசுவதைக் கேட்டதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. தன் பயம் இவ்வளவு சின்ன வாயில், தன் சொல்லிலேயே வருவதை அவர் எதிர்பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார். ஒருவன் கக்கத்தில் வைத்திருந்தான். ஒருத்தி பாவாடைக்குள் சுருட்டியிருந்தாள். மேசைக்கு மேல் ஒரு கைகூட இல்லை.

பன்னிரண்டு கணினிகளும் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டன. பூட்டு மட்டும் இன்னும் திறக்கவில்லை.

பிரவீனா கையிலிருந்த கைப்பேசியில் ஏதோ குறித்தாள். அதைப் பார்த்ததும் ரோலண்ட் சாரின் முகம் வாடியது.

கஸ்தூரியக்கா நகர்ந்து வந்தார். "எந்திரிம்மா" என்று ஷர்மைனை எழுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் தான் உட்கார்ந்தார். அவ்வளவு சின்ன நாற்காலி அது. முழங்கால் மேசையில் இடித்தது. மூடியைத் தூக்கினார். விரலை நீட்டினார். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

திரை விழித்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"நெட்டுல போடணும் கா, அப்பதான் எங்க பக்கம் தெரியும்" என்று பிரவீனா எட்டி வந்து ஏதோ செய்தாள். "சரி, ஒங்க பேர எழுதுங்க."

"பேரா? எதுக்கு?"

"சும்மா கா. எழுதிப் பாருங்க."

அவர் விசைப்பலகைமீது விரலை அலைய விட்டார். கே எங்கே என்று தெரியவில்லை. பின்னாலிருந்து செல்வா என்ற பையன் பொறுக்க மாட்டாமல் கத்தினான்: "நடு வரிசை கா! வலப்பக்கம்!" "ஏ இந்த ஓரத்துல கா!" "இல்ல கா, அது எஸ்!" அட்டையில் படித்ததை எல்லாம் பிள்ளைகள் காற்றில் சுட்டிக் காட்டினார்கள். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. பாதிப் பெயர் வந்திருக்கும். திரை சட்டென்று இருண்டது.

கஸ்தூரியக்கா இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். கிலாங்கில் அன்று நீட்டச் சொன்னபோது எப்படி நீட்டியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரை நீலமானது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன.

"செத்துருச்சா கா?" என்று ஷர்மைன் கேட்டாள்.

கஸ்தூரியக்கா தூக்கிய கைகளை இறக்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிரவீனா மண்டியிட்டு மேசையோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"சாகல. அப்டேட் எடுக்குது. இவ்ளோ மாசம் தூங்குச்சுல? இப்பதான் எந்திரிச்சிப் பல்லு வெளக்குது."

செல்வாதான் முதலில் சிரித்தான். "குளிக்குமா கா?"

"குளிச்சிட்டு, பசியாறிட்டுத்தான் வரும். ரொம்ப சோம்பேறி லா இது."

சிரிப்பு ஒவ்வொரு மேசையாகப் பரவியது. ஆனால் ஷர்மைன் சிரிக்கவில்லை, கஸ்தூரியக்காவும் சிரிக்கவில்லை. ஒருவர் நாற்காலியில், ஒருத்தி அதன் பக்கத்தில், இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு, புள்ளிகள் சுற்றி முடியும்வரை அசையாமல் இருந்தார்கள். மறுபடி திரை வந்தபோது கஸ்தூரியக்கா நீண்ட மூச்சு விட்டு, எழுந்து, ஷர்மைனை உட்கார வைத்தார். அவள் ஒரு விரலால் ஓர் எழுத்தைத் தொட்டாள். எழுத்து திரையில் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள்.

பிரவீனா கிளம்பும்போது மறைக்கவில்லை. "நான் சரின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது கா. இனிமே எப்படி ஓடுதுன்னு பாப்பாங்க. மறுபடி தூங்குச்சுன்னா பத்து பாகாட்டுக்குத்தான்."

"தூங்க விட மாட்டேம்மா" என்றார் கஸ்தூரியக்கா.

அதற்குப் பிறகு அலமாரி வகுப்பு நேரம் முழுக்கத் திறந்திருந்தது. பயம் மட்டும் குறையவில்லை, இடம் மாறியது. முன்பு அலமாரிக்கு முன்னால் நின்றவர், இப்போது பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றார். யாராவது தண்ணீர் புட்டியைத் திறந்தால் ஓடி வருவார். மூடியை யாராவது வேகமாகச் சாத்தினால் அவர் தோள் குலுங்கும். "மெதுவா, மெதுவா" என்று உதடு மட்டும் அசையும். சத்தமாகச் சொல்ல மாட்டார். சொன்னால் பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனுஷி தன் பயத்தை வாய்க்குள்ளேயே வைத்து விழுங்குவதை நான் சனிக்கிழமைதோறும் பார்த்தேன்.

கணினி ஒன்று விழுந்தது ஒரு மழை நாளில். ஷர்மைன் ஒரு படம் வரைந்திருந்தாள். அடுக்குமாடி, அதன் கீழே பெரிய கொண்டை போட்ட ஒரு பெண். "அக்கா, பாருங்க, நீங்க!" என்று கணினியையே தூக்கிக்கொண்டு எழுந்தாள். மின்னேற்றும் வயர் காலில் மாட்டியது. அவள் விழவில்லை. கணினி விழுந்தது, மூலையால், சிமெண்டுத் தரையில்.

சத்தம் சின்னதுதான். ஆனால் அறையிலிருந்த எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கீழே போயின.

திரை உடைந்து, இலையில்லாத மரம்போலக் கோடுகள் ஓடியிருந்தன. அதன் கிளைகளுக்கு நடுவே கொண்டை மட்டும் தெரிந்தது. ஷர்மைன் அழவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரோடு போய் நின்றாள்.

கஸ்தூரியக்கா கணினியைத் தாண்டிப் போனார். அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஷர்மைனின் கைகளை முன்னால் இழுத்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல கா."

"கால்ல?"

"இல்ல. அக்கா, நான்தான்..."

"தெரியும். எல்லாரும்தான் பாத்தோமே."

பிள்ளை ஒன்று ஓடிப்போய்ச் சொல்ல, மேல்மாடி வீட்டிலிருந்து ரோலண்ட் சார் இறங்கி வந்தார். தரையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் வெளியே அழைத்து, மழைச் சத்தத்துக்கு நடுவே சொன்னார்:

"இங்க பாரு கஸ்தூரி. ஜொகூர் பாருல எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. குடுத்தா கண்ணாடிய மாத்திக் குடுத்துருவான். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? ஏற்கெனவே நம்மள ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க. இதயும் சொன்னா, பாத்துக்கத் தெரியாதவங்கன்னு மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிருவாங்க. அப்பறம் நீயும் நானும் டோபிக் கடையில துணி மடிக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கஸ்தூரியக்காவுக்கும் தோன்றியிருக்கும். தலையை ஆட்டத் தொடங்கியதையும் பார்த்தேன். பயம் அவரை அந்தப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. இந்த முறை பொய்யில்தான் பத்திரம் இருந்தது.

சன்னல் கம்பிகளுக்கு உள்ளே ஷர்மைனின் முகம் தெரிந்தது. மழைச் சத்தத்தில் எவ்வளவு கேட்டதோ. அவள் எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரியக்காவின் தலையாட்டல் நின்றது.

"நான் போன் போடுறேன் சார்."

"யாருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு."

"ஒனக்கு என்னா பைத்தியமா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு சார். நீங்க வேற பேசாதீங்க." கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ அடிச்சுக் குடு. எனக்கு நம்பர் தெரிய மாட்டேங்குது." நான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன்.

உள்ளே போய், பிள்ளைகளுக்கு நடுவே நின்று, எப்போதும் பேசுவதுபோல ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார்.

"ஹலோ, கஸ்தூரிக்கா? பசியாறிட்டீங்களா?"

"ஒன்னு ஒடைஞ்சி போச்சும்மா."

"என்னா கா?"

"லேப்டாப். கீழ விழுந்து கண்ணாடி போச்சு. இப்பதான். மாசாய் சென்டர்."

ரோலண்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி கா... ரிப்போர்ட் எழுதணும். யார் கையிலருந்து விழுந்துச்சு?"

ஷர்மைன் ஓரடி முன்னால் வந்தாள். கஸ்தூரியக்கா அவள் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"வகுப்பு நடக்கும்போது விழுந்துச்சு. அப்படியே எழுது. பேர் ஒன்னு வேணும்னா என் பேர எழுது. கஸ்தூரி. சாவி என்கிட்டதான் இருக்கு."

"இல்ல கா, அது பரவால்ல... மத்ததெல்லாம் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப ஓடட்டும். ஒடைஞ்சத படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரிப்பேருக்கு எடுத்துக்குவாங்க."

"மத்தத?"

"மத்தத என்ன?"

"எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

பிரவீனாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "அய்யோ கா. நேத்துதான் இந்த மாச ரிப்போர்ட் பாத்தோம். ஒங்க சென்டர்தான் நல்லா ஓடுது. பத்து பாகாட்டுக்கு வேற புதுசு குடுக்கப் போறாங்க. ஒன்னு ஒடைஞ்சதுக்கெல்லாம் எடுக்க மாட்டாங்க."

"நெசமாவா?"

"நெசமா கா."

"எழுதிக் குடுப்பியா?"

செல்வா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எழுதியே அனுப்புறேன் கா."

கைப்பேசியை மேசைமீது வைக்கும்போது அது இரண்டு முறை தட்டுத் தடுமாறிப் படுத்தது. ரோலண்ட் சார் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துகள்களைக் கூட்ட ஆரம்பித்தார். "ஒரு நாளைக்கு நீ என்னக் கொன்னுருவ" என்று தரையிடம் சொன்னார்.

"எனக்கு மட்டும் நெஞ்சு அடிச்சுக்கலையா?" என்றார் கஸ்தூரியக்கா. கழுத்தெல்லாம் வியர்த்து, சாவிப் பட்டை தோலோடு ஒட்டியிருந்தது. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அலமாரிக்குப் போய், யாரும் எடுக்காமல் இருந்த ஒரு கணினியைக் கொண்டுவந்து ஷர்மைனின் மேசையில் வைத்தார்.

"வா. இதுல உக்காரு."

ஷர்மைன் வரவில்லை.

"அந்தப் படத்துல என் கொண்டைதான் பாத்தேன். மொகத்தப் பாக்கவே இல்ல. திரும்ப வரஞ்சு காட்டு."

அவள் வந்து உட்கார்ந்தாள். மேசைக்குக் கீழிருந்து ஒரு கை மெல்ல மேலே வந்தது, பிறகு இன்னொன்று. கஸ்தூரியக்கா அவள் பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மூடியைத் தூக்கி விசையை அழுத்தியபோது, அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.